பதினொரு மாதத்துச் சுவர்

அந்தத் தெரு சரிவான தெரு. மேல்முனையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கைநழுவ விட்டால், கீழ்முனைச் சாக்கடையில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். அந்தத் தெருவின் நடுவில் குடியிருந்த தச்சனுக்கு ஊரார் வைத்த பெயர் ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் அந்த மட்டக் கருவி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால்கூட அதை வைத்துப் பார்ப்பான். "இடக்கால் அரை விரல் கம்மி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, நின்றபடியே டீ குடித்துவிட்டுப் போவான். ஐம்பது வயது. கதவு மாட்டுவதிலும் அலமாரி அடிப்பதிலும் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை.

அவனை வளர்த்தவள் அக்கா. தாய் இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பது வயதுக்கு என்னென்ன ஆசைகள் இருந்தன என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பிறகும் யாரும் கேட்கவில்லை. 'தம்பிக்காகவே வாழ்ந்தவள்' என்று பட்டம் மட்டும் கொடுத்தார்கள். பட்டத்தில் ஒரு வசதி உண்டு. கொடுப்பவனுக்குச் செலவில்லை; வாங்கியவளோ வாழ்நாள் முழுவதும் அதைக் கட்டிக் காக்க வேண்டும். தம்பி தொழில் கற்றான், மணம் முடித்தான், பிள்ளைகளைப் பெற்று வளர்த்து வெளியூருக்கு அனுப்பினான். அக்காவின் பாய் மட்டும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த அந்த நடைவழியிலேயே கிடந்தது.

ஆனால், அவள் வண்டி ஓட்டியவள். பெரிய மருத்துவமனையின் சலவை வண்டியை இருபத்தேழு ஆண்டுகள் ஓட்டினாள். அழுக்குத் துணியை ஏற்றிச் சலவைக்கூடத்தில் இறக்குவது, வெளுத்த துணியை ஏற்றி மருத்துவமனையில் இறக்குவது. நாளைக்கு நான்கு நடை. அந்தத் தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் உலகத்தை எட்டு முறை சுற்றி வந்திருக்கலாம். அவளோ பதினொரு கிலோமீட்டர் சாலையின் இரண்டு முனைகளைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

பணி ஓய்வு பெற்ற மாதத்திலேயே மருத்துவமனை அந்த வண்டியையும் ஏலத்துக்கு விட்டது. ஓடித் தேய்ந்த அதை அக்காவே ஏலத்தில் எடுத்து, ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

"இதுக்குள்ள எனக்கு ஒரு வீடு கட்டிக் குடுடா" என்றாள் தம்பியிடம். "படுக்க ஒரு பலகை, ஆக்கித் தின்ன ஒரு அடுப்பு, நாலு பக்கமும் நல்ல மரச்சுவர். வெறும் தகரத்துக்குள்ள படுத்தா வெயில்ல வெந்துருவேன், குளிர்ல விறைச்சுருவேன்."

"வண்டியில வீடா? எங்கக்கா போகப்போறே?"

"இந்த ரோடு முடியிற வரைக்கும். முடியலேன்னா இன்னும் நல்லது."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பிறகு அவனிடம் ஒன்றைச் சொன்னாள். கண்ணில் அழுத்த நோய். நேர்ப்பார்வைக்குக் குறைவில்லை, ஓரப்பார்வைதான் வெளியிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டு வருகிறது. சொட்டு மருந்து அதன் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. இந்த ஆண்டு சோதித்து ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டுக்கு வாக்குத் தர முடியாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார்.

"ஒரு வருஷம் கையில இருக்குடா. உனக்கு ஒரு மாசம். மிச்சம் பதினொண்ணு எனக்கு."

"ஒரு மாசம் எதுக்குக்கா, மூணு வாரம் போதும்" என்றான் தச்சன். அந்த நேரத்தில் அது பொய்யில்லை.

வேலை தொடங்கியது. பின்கதவைத் திறந்தால் உள்ளே திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் நுழைந்தது போலிருக்கும்: வளைந்த தகரமும், அதைத் தாங்கும் இரும்பு விலா எலும்புகளும். எலும்புகளுக்கு நடுவில் வெப்பம் தடுக்கும் கம்பளிப் பஞ்சை அடைத்தான். எலும்புகளின்மேல் மரச்சட்டங்களை முடுக்கினான். சட்டங்களின்மேல் பலகை. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் அது நுழையும் பள்ளமான காடி. கீழ்ப்பலகையின் நாக்கு மேல்பலகையின் காடிக்குள் போய் உட்கார்ந்தால், இணைப்பும் தெரியாது, திருகாணியின் தலையும் தெரியாது. அழகான ஏற்பாடு. ஆனால் அதில் ஓர் இக்கட்டு உண்டு. அடிப்பலகையில் பிழை நேர்ந்தால், மேலே இருப்பவை அத்தனையையும் கழற்றாமல் அதைத் தொட முடியாது. வீடுகளிலும் அப்படித்தான், நாடுகளிலும் அப்படித்தான்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன ரசமட்டம், கப்பலா கட்டுற? நம்ம தெருவுல தண்ணி வர்றதே ரெண்டு நாளைக்கு ஒருக்காதான்ப்பா."

"தண்ணி வந்தா உங்களை முதல்ல ஏத்திக்கிறேன். டீக்குத்தான் தண்ணி கலக்க ஆள் வேணுமே."

சொன்ன சொல்லுக்கு மூன்று வாரத்தில் சுவர்கள் எழுந்தன. தேன் நிறத்துப் பலகைகள், கோடு கோடாய், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. ஒவ்வொரு பலகையின் மேலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும் வரை விடாமல் பொருத்தியிருந்தான். அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். சக்கரத்துக்குக் காற்றடிக்கக் கீழே பெட்ரோல் நிலையத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவள், இறங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"டேய், உன் வீடு நிக்கும்போதும் மலை ஏறுதுடா."

அவனுக்கு விளங்கவில்லை. வண்டியைச் சமதரைக்கு ஓட்டிப் போய் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. சுவரின் கோடுகள் அத்தனையும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு நான்கு விரற்கடை ஏறிக் கிடந்தன. சரிவான தெருவில், மூக்கு தாழ நின்ற வண்டிக்குள், அவன் பூமிக்கு மட்டம் பார்த்திருக்கிறான். வீட்டுக்குப் பூமிதான் கணக்கு. வண்டிக்கு அதன் தரைதான் கணக்கு. வண்டிக்குள் அளவை வண்டியின் தரையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது, அந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரிந்திருக்கும். வாழ்நாளெல்லாம் நகராத சுவர்களையே கட்டியவனுக்கு, நகரப்போகும் சுவர் ஒன்று உண்டு என்பதே கைக்கு எட்டவில்லை.

"அப்படியே இருக்கட்டும்டா" என்றாள் அக்கா. "ஏறுனா ஏறட்டும். படுத்தா எனக்கென்ன, கோடா தெரியப்போகுது?"

"ஊர் சிரிக்கும்க்கா. ரசமட்டம் கட்டுன வண்டி கோணல்னு என் காதுபடப் பேசுவாங்க. ரெண்டே வாரம்."

அவள் தலையை ஆட்டினாள். வாழ்நாளெல்லாம் எதற்கும் ஆட்டிய தலை.

பலகைகளைக் கழற்றும் வேலை நடந்த நாட்களில், மாலை வேளை தோறும் அக்கா இரண்டு குவளை டீயோடு வண்டிக்குள் ஏறுவாள். கவிழ்த்த மரப்பெட்டியின்மேல் உட்காருவாள். பேசுவாள். சலவைக்கூடத்தில் நோயாளி ஒருவனின் சட்டைப் பையிலிருந்து உயிருள்ள தவளை குதித்த கதை, தலைமைச் செவிலி தன் பொய்ப்பல்லைத் தலையணை உறையோடு வெளுக்கப் போட்ட கதை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் வாழ்ந்த அக்காவும் தம்பியும், அந்த ஐந்தடி அகலத்துக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து சிரித்தார்கள். ஒன்பது வயதுக்குப் பிறகு அவனுக்குக் கிடைக்காதது அது. ஒருநாள் அவள் குவளைகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனதும், கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தபடி தச்சன் நின்றான். இந்தச் சுவர் எழுந்து முடிந்தால், அந்த மரப்பெட்டியின்மேல் யாரும் உட்கார மாட்டார்கள்.

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஏதாவது ஒரு நாள் அவனே தன் கேட்டைக் கண்டுபிடித்திருப்பான். நல்லவன் செய்யும் கேட்டுக்கு நல்ல காரணங்கள் கிடைத்துவிடுகின்றன. அதனால்தான் அது ஆழமாக வேர்விடுகிறது.

நேராக்கிய சுவர் எழுந்த வாரத்தில், பஞ்சுக்குப் பின்னால் தகரம் வேர்ப்பதைப் பார்த்ததாகச் சொன்னான். கொஞ்சம் வேர்த்திருந்தது உண்மை. துடைத்துவிட்டு மூடியிருக்கலாம். மூடவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, வேறு பஞ்சு தருவித்தான்; அது வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. அடுத்து, மரம் சரியாகக் காயவில்லை, கோடையில் சுருங்கி நாக்கு வெளியே தெரியும் என்றான். வேறு மரம். அடுத்து, ஓடும்போது ஏதோ ஒரு பலகை கீச்சிடுகிறது என்றான். அக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. "தச்சன் காதுக்குத்தான்க்கா கேக்கும்" என்றான். மீண்டும் அடிப்பலகை வரை கழற்றினான்.

ஏழாவது மாதம் ஒரு காலைப் பொழுதில் அவன் மனைவி வண்டிக்குள் ஏறினாள். ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படி வேலை பார்ப்பவள். அந்த வாரம் அவளுக்கு இரவு ஷிப்ட்; முழங்கை வரை மாவு அப்பியிருந்தது.

"கீச்சுச் சத்தம் நின்னுருச்சா?"

"இன்னும் இல்ல."

"நிக்காது. அது பலகையில இருந்து வரல."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணிக்கு வீடு கட்டுறேன்னு சொல்லிட்டு, அவங்களைப் பூட்டி வைக்கத்தானே பலகை அடிக்கிறீங்க? ஒரு பூட்டு வாங்கியிருந்தா மரம் மிச்சமாயிருக்கும்."

"தனியாப் போறாங்க. கண்ணு வேற அப்படி. பத்திரமாப் போகணும்னு நெனைக்கிறது தப்பா?"

"பத்திரம்ங்கிறது பெட்டியில வைக்கிற சாமானுக்கு. அவங்க மனுசி. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அண்ணி போயிட்டா நான் வேலை முடிச்சு வந்து அடுப்படியில நிக்கணும். அவங்க இருந்தா எனக்குத்தான் லாபம். லாபம் பாக்குற நானே சொல்றேன், நாளைக்கே முடிச்சு அனுப்புங்க."

"நாளைக்கு எப்படி முடியும்? காடி எல்லாம்..."

"காடி" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று அவன் சுறுசுறுப்பாக நான்கு பலகை அடித்தான். மறுநாள் அவற்றில் இரண்டைக் கழற்றினான்.

அக்கா அவசரப்படுத்தவில்லை. எப்போது முடியும் என்று கேட்பதைக்கூட ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள். டீக் குவளைகள் மட்டும் தவறாமல் வந்தன. சில நாட்களில், அவன் நீட்டிய கையை விட்டு ஒரு சாண் தள்ளிக் குவளையை நீட்டினாள். அதை அவன் கவனித்தான். கவனித்ததைத் தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

பதினோராவது மாதத்தில் சுவருக்குச் சாக்குகள் தீர்ந்தன. குறை என்று காட்ட ஓர் ஊசி நுழையும் இடமில்லை. மூலைகளில் தகரத்தின் வளைவுக்கு ஏற்பப் பலகையை இழைத்து, விரலால் தடவினால் எங்கே மரம் வளையத் தொடங்குகிறது என்று தெரியாதபடி முடித்திருந்தான். அக்கா இரண்டு சேலை, ஒரு பாத்திரம், சொட்டு மருந்துப் புட்டி எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினாள். காலை ஒன்பது மணி. மனைவி வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றாள். டீக்கடைக்காரர், "போற வழியில நல்ல டீ கிடைச்சா எனக்குச் சொல்லாதீங்கம்மா, மனசு தாங்காது" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தபடி வண்டியை எடுத்தாள்.

சரிவில் வண்டி மெல்ல இறங்கியது. கீழ்முனைக் குறுக்குச் சந்திலிருந்து சைக்கிள்காரர் ஒருவர் சீரான வேகத்தில் வந்துகொண்டிருந்தார். தெருவில் நின்ற அனைவருக்கும் அவர் தெரிந்தார். தச்சனுக்குத் தெரிந்தார், டீக்கடைக்காரருக்குத் தெரிந்தார். வண்டி மட்டும் நிற்கவில்லை. பிறகு பிரேக் கிறீச்சிட்டது. சைக்கிள் கவிழ்ந்த ஓசை கேட்டது.

தச்சன் ஓடினான். சைக்கிள்காரர் முழங்கால் சிராய்ப்போடு எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். "கண்ணு தெரியலயா உனக்கு? பட்டப்பகல்ல ஒரு ஆள் வர்றது தெரியலயா?"

அக்கா இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். தம்பி கதவைத் திறந்ததும், அந்த ஆளிடம் சொல்ல வேண்டிய பதிலை இவனிடம் சொன்னாள்.

"வந்தது தெரியலடா. நெசமாவே தெரியல."

கண் மருத்துவமனையில் இருட்டறைக்குள் அவளை உட்கார வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்ற தச்சனுக்குப் பொத்தானின் ஓசை கேட்டது. ஓசைகளுக்கு நடுவில் நீண்ட நீண்ட இடைவெளிகள். பெண் மருத்துவர் சோதனைத் தாளை மேசைமேல் வைத்தார். நடுவில் ஒரு காசளவு வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு.

"இனிமே ஓட்டாதீங்கம்மா. உங்களுக்கும் ஆபத்து, ஊருக்கும் ஆபத்து."

அக்கா தாளையே பார்த்தாள். "டாக்டரம்மா, ஆறு மாசத்துக்கு முன்னாடி எடுத்த தாள் இருக்கா?"

மருத்துவர் கோப்பைப் புரட்டி எடுத்து வைத்தார். அந்தத் தாளில் வெள்ளை அகலமாக இருந்தது, ஓரங்களில்தான் கறுப்பு.

"இந்தக் கண்ணோட ஓட்டியிருக்கலாமா?"

"ஓட்டியிருக்கலாம்மா. அப்போ தாராளமா ஓட்டியிருக்கலாம்."

அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான் தச்சன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

வெளியே தாழ்வார பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் பேசத் தொடங்கினான். கீச்சுச் சத்தம் இல்லை என்றான். மரம் காய்ந்துதான் இருந்தது என்றான். தகரத்தைத் துடைத்திருக்கலாம் என்றான். ஒவ்வொன்றாக, அடிப்பலகை வரை கழற்றினான்.

"தெரியும்டா" என்றாள் கடைசியில். "மூணாவது தடவை நீ பலகையைக் கழட்டும்போதே தெரியும்."

"ஏன்க்கா கேக்கல? ஒரு வார்த்தை திட்டியிருந்தா..."

"நீயா நிறுத்துவேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கேட்டு வாங்கிப் பழக்கமில்லடா எனக்கு. ஒரு தடவைதான் கேட்டேன். ரெண்டாவது தடவை எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

தச்சன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். உலகத்தில் எத்தனையோ வீடுகளில் பெண் கேட்காமல் இருந்ததையே அவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்பதற்குச் சான்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் வீட்டில் எழுதி வைத்தவன் அவனேதான்.

"நான் ஓட்டுறேன்க்கா" என்றான். "வேலையை விட்டுடுறேன். எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன். ரோடு முடியிற வரைக்கும்."

அவள் அவன் பக்கம் முகத்தை முழுவதுமாகத் திருப்பினாள். அப்படித் திருப்பினால்தான் இப்போது அவளுக்கு அவன் தெரிவான். அந்த முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவனைத் துண்டாக்கியது.

"பக்கத்து சீட்டுல உக்காந்து போறதுக்கு பஸ் இருக்குடா."

ஒரு மாதம் கழித்து வண்டியை வாங்க ஒரு பெண் வந்தாள். தையற்காரி. நாற்பது வயதிருக்கும். தையல் இயந்திரத்தை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, ஊர் ஊராகத் தைத்துக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். தனியாகவா என்று தச்சனின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

அவள் உள்ளே ஏறி, விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தாள். மூலையின் வளைவைத் தடவினாள். "எங்க முடியுது, எங்க தொடங்குதுன்னே தெரியலயே. இது எத்தனை நாள் வேலைங்க?"

"மூணு வாரத்து வேலைம்மா" என்றான் தச்சன். "பதினொரு மாசம் பண்ணினேன்."

"பதினொரு மாசமா? அதான் இவ்வளவு நேர்த்தி" என்றாள் அவள் மனம் நிறைந்து. "இந்தக் காலத்துல யாருங்க இவ்வளவு பொறுமையா செய்யிறாங்க?"

அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளவும் முடியாமல், திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா தன் சேலைகளையும் பாத்திரத்தையும் முன்பே இறக்கியிருந்தாள். சாவியைத் தையற்காரியின் உள்ளங்கையில் வைத்து, இரண்டாம் கியர் காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதட்டாமல் மெல்லத் தள்ளினால் விழும் என்று சொல்லிக் கொடுத்தாள். ஒரு பிள்ளையின் குணத்தைச் சொல்வது போல.

வண்டி சரிவில் இறங்கியது. அக்கா வாசலில் நின்று நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மிஞ்சியிருந்த சின்ன வெளிச்சத்தின் நடுவில் வண்டியின் பின்கதவு தெரிந்தது, சிறுத்துக்கொண்டே போனது. கீழ்முனையில் வண்டி திரும்பிய அந்த நொடியே அவள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. ஓசை மட்டும் சற்று நேரம் கேட்டது.

"எந்தப் பக்கம் திரும்பிச்சு?" என்று கேட்டாள்.

"இடப்பக்கம்க்கா."

"அது பெரிய ரோட்டுக்குப் போற வழி" என்றாள் அக்கா. ஓசை முழுவதும் அடங்கும் வரை அங்கேயே நின்றாள். அவனும் நின்றான். அவள் உள்ளே போகத் திரும்பியபோது, பக்கத்தில் நின்ற அவனை அவள் தோள் இடித்தது. அவன் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.